தம்பிக்கு அந்தப் படத்தைக் காட்டலாமா?

சத்துவாச்சாரியில் ஒன்றாக ஸ்கேட்போர்டு பழகிய உங்கள் தம்பியும் நண்பனும், நண்பனுக்கு மட்டும் ஸ்பான்சர் கிடைத்த பிறகு பேசிக்கொள்வதில்லை. ‘லார்ட்ஸ் ஆஃப் டாக்டவுன்’ காட்டினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் முதலில் நீங்கள் பார்த்துவிடுங்கள். குடி, போதை, அடிதடி எல்லாம் வரும்.

2005-இல் வந்த படம். ஸ்டேசி பெரால்டா, டோனி ஆல்வா, ஜே ஆடம்ஸ் என்ற நிஜ ஸ்கேட்போர்டு வீரர்களின் கதை. எழுதியதும் பெரால்டாவேதான். 1970-களில் கலிஃபோர்னியாவில் வறட்சி. தண்ணீரில்லாத நீச்சல் குளங்களில் பையன்கள் சறுக்கிப் பழகுகிறார்கள். காய்ந்த பாலாற்றைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வறட்சி சட்டென்று புரியும். அப்புறம் போட்டி, பணம், கம்பெனிகள். ஆல்வா புகழைத் துரத்துகிறார், பெரால்டா நிதானமாக மேலே போகிறார், ஆடம்ஸ் எல்லாவற்றிலிருந்தும் விலகுகிறார். மூவரில் யாரையும் வில்லனாக்காததால்தான் எனக்கு இந்தப் படம் அவ்வளவு பிடிக்கும். ஸ்பான்சர் வாங்கியவன் துரோகியில்லை என்பது உங்கள் தம்பிக்கும் உறைக்கலாம்.

கடைசியில் நோயாளி நண்பன் சிட் வீட்டுக் காலிக் குளத்தில் மூவரும் மறுபடி கூடுகிறார்கள். அந்த இடத்தில் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், கூச்சப்படுவான்.

இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்துச் சமாதானம் பேசவும் வேண்டாம். பிறகு ஒருநாள் தம்பியிடம் தனியாகக் கேளுங்கள்: கோபம் நண்பன் மீதா, தனக்குக் கிடைக்கவில்லையே என்பதா? இரண்டாவது என்றால், அவனும் தான் சறுக்குவதை வீடியோ எடுத்து ஸ்பான்சர்களுக்கு அனுப்பிப் பார்க்கட்டும். கேமரா பிடிக்க அந்த நண்பனையே கூப்பிடச் சொல்லுங்கள்.