பழைய பொக்லைனில் சீல் மாற்றியும் ஹைட்ராலிக் ஆயில் கசிகிறது. எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கோத்தகிரியில் ஓடும் வண்டி, பூம் (பெரிய கை) சிலிண்டருக்கு இரண்டு முறை சீல் கிட் (ஆயிலை அடைக்கும் வளையங்கள்) மாற்றியும் சொட்டுகிறது என்கிறீர்கள். சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. குன்னூரில் நான் பார்த்த ஒரு வண்டியில், சிலிண்டர் அடியில் சொட்டிய ஆயில் மேலே ஒரு மீட்டர் தள்ளியிருந்த ஹோஸ் முனையிலிருந்து வழிந்து வந்தது. சரிவில் சாய்ந்து நின்றால் கேட்கவே வேண்டாம்.

முதலில் சேறு, கிரீஸ் போகக் கழுவிக் காயவிடுங்கள். அப்புறம் ஹோஸ் முனைகள், வால்வு பிளாக் (ஆயிலை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் பாகம்), சிலிண்டர் தலை எல்லாவற்றிலும் முகப்பவுடர் தூவுங்கள். ஒருவரை லீவரை இயக்கச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். வெள்ளையில் முதலில் ஈரம் படரும் இடம்தான் ஊற்றுக்கண்.

எக்காரணம் கொண்டும் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித்துளை வழியே பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் வலி பெரிதாகத் தெரியாது, ஆனால் விரலே போகலாம். பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கசிவைத் தேட, கைக்குப் பதிலாக நீளமான அட்டைத்துண்டை நீட்டிப் பார்த்தால் போதும்.

சிலிண்டர்தான் என்று உறுதியானால், பக்கெட்டைத் தரையில் வைத்து, இன்ஜினை அணைத்து, பிரஷரை இறக்கிவிட்டு ராடை (சிலிண்டரிலிருந்து நீண்டு வரும் குரோம் பூசிய தண்டை) நகத்தால் வருடுங்கள். மழையிலும் மூடுபனியிலும் நின்ற வண்டியில் குரோம் புள்ளி புள்ளியாக அரித்திருக்கும். நகம் தட்டினால், அந்தப் பள்ளம் புது சீலையும் கிழித்துவிடும். ராடுக்கு மறுபடி குரோம் போடாமல் மூன்றாவது சீல் கிட் வாங்காதீர்கள்.

காலைக் குளிரில் மட்டும் கசிந்து, ஆயில் சூடானதும் நிற்கிறதா? அப்படியானால் ரப்பர் இறுகிப்போன ஓ-ரிங்குகளை முதலில் பாருங்கள்.