சென்னை, பினாங்கு போன்ற தூர தூரக் கடலோர நகரங்களை ஒப்பிடுவது நியாயமா?

சென்னை, பினாங்கு, சிங்கப்பூர், மும்பை எல்லாமே கடலோர நகரங்கள்தானே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடலாமா, ஒப்பிட்டால் எது மேல் என்று கேட்டிருக்கிறீர்கள். எது மேல் என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது. ஒப்பிடலாமா என்றால், தாராளமாக ஒப்பிடலாம். ஆனால் கடற்கரைப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தேறாது. கடலோர நகரம் என்றால் அதன் முகம்தான் எல்லோர் கண்ணிலும் படும். ஒப்பிட வேண்டியது முதுகை, அதாவது அதற்குத் தண்ணீரும் ஆளும் தரும் உள்நாட்டுப் பக்கத்தை.

நான் இருப்பது மலேசியாவின் கெடா மாநிலத்தில், கோல கெட்டிலில். கடல் இல்லாத ஊர். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும், நடுவில் ஒரு கடைத்தெரு. பாகானுக்கு (பட்டர்வொர்த்தை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்) காரில் ஒரு மணி நேரம், அங்கிருந்து பாலம் ஏறினால் பினாங்குத் தீவு. சென்னை எங்களுக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போகும் ஊர். இரண்டிலும் நான் குடியிருந்ததில்லை. பின்பக்கமாக நின்று பார்க்கிறவனின் கணக்கு இது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேறாத ஒப்பீடுகளை முடித்துவிடுகிறேன். அம்பத்தூரில் இருக்கும் என் அத்தை மகன் பினாங்கு வந்திருந்தபோது பாடாங் கோத்தா கடலோரச் சுவரில் உட்கார்ந்துகொண்டு, "என்ன மச்சான், கடல் தூங்குது? ஒரு அலையக்கூட காணோமே" என்றார். எதிரே தெரிவதே பாகான்தான். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நீரிணை அது. அலை எங்கிருந்து வரும்? 1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிடித்ததற்கு ஒரு காரணமே, கப்பல்கள் காற்றுக்கு ஒதுங்கி நிற்க முடியும் என்பதுதான்.

சென்னைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1639இல் கம்பெனி அந்த மணல் கரையை வாங்கியபோது துறைமுகம் என்று ஒன்றுமே இல்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். துறைமுகம் கட்டத் தொடங்கியது 1870களில்தான். பாதியில் 1881 புயல் வந்து அதையும் நொறுக்கிப் போட்டது. மறுபடி கட்டி முடித்த சுவர்கள் தெற்கிலிருந்து கடலோரமாக நகர்ந்து வரும் மணலைத் தடுத்தன, மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் மணல் போய்ச் சேராமல் கடல் கரையைத் தின்றது. அங்கே இன்றைக்கும் பாறாங்கல் கொட்டித்தான் கரையைக் காக்கிறார்கள். ஆக மெரினாவின் அகலத்தை மெச்சும்போது பாதி பாராட்டு துறைமுகச் சுவருக்குப் போக வேண்டியது. இதைப் பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையோடு வைத்து எது அழகு என்று கேட்டால் என்ன சொல்வது?

வானிலையும் அப்படித்தான். சென்னை 13 பாகை வடக்கில், பினாங்கு 5 பாகை சொச்சத்தில். பூமத்திய ரேகையை ஒட்டிய இடத்தில் காற்றைச் சுழற்றிவிடும் அளவுக்குப் பூமிச் சுழற்சியின் தாக்கம் இருக்காது. 2016இல் சென்னையில் வந்த வர்தா போல ஒன்று இங்கே வருவது மிக அரிது. வெள்ளம் மட்டும் பாரபட்சம் பார்க்கவில்லை: சென்னைக்கு 2015 டிசம்பர், பினாங்குக்கு 2017 நவம்பர். 2004 சுனாமியில் சுமத்ரா குறுக்கே நின்றதால் நாங்கள் பெரும்பாலும் தப்பித்தோம். அப்படியும் மலேசியாவில் 68 பேர் போனார்கள், பெரும்பாலோர் பினாங்கில். கெடாவில் கோத்தா கோல மூடா மீனவர் கம்பங்கள் (சிற்றூர்கள்) சிதைந்தன. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதே ஒரு மாதிரியாக இருக்கிறது.

மக்கள் தொகையைச் சொல்லவே வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் சென்னைப் பெருநகரம் ஏறக்குறைய 86 லட்சம். 2020இல் பினாங்கு மாநிலம் முழுவதும் சேர்த்து 17 லட்சத்துக்குச் சற்று மேல்.

சரி, நியாயமாக ஒப்பிட முடிந்தது என்ன?

இரண்டையும் கட்டியது ஒரே கம்பெனி. இரண்டிலும் ஜார்ஜ் டவுன் உண்டு: பினாங்கில் இருப்பது மூன்றாம் ஜார்ஜ் பெயரில், சென்னையில் இருப்பது, பழைய கருப்பர் பட்டணத்துக்கு 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் பெயரை வைத்தது. 1805இல் பினாங்கையும் சென்னை போல ஒரு மாகாணத் தலைமையாக உயர்த்திப் பார்த்தார்கள். 1830இல் அதைக் கலைத்தும்விட்டார்கள். எங்கள் முன்னோர்களைக் கேட்டால் அவர்களும் ஒரு ஒப்பீடு சொல்லியிருப்பார்கள். தோட்டத்துக்கு ஆள் எடுத்த காலத்தில் அந்தப் பக்கம் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம். இந்தப் பக்கம் பினாங்கை ஒட்டி ஜெரஜா தீவில் நோய்த்தடுப்பு முகாம். நடுவில் கப்பல். 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை வந்தவர்களில் பலர் சென்னையைச் சுற்றிப் பார்த்ததில்லை, பினாங்கையும் சுற்றிப் பார்த்ததில்லை. இரண்டு நகரமும் அவர்களுக்கு வரிசையில் நின்ற இடம், மருத்துவர் நாக்கை நீட்டச் சொன்ன இடம்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். என் வாதத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது.

பினாங்கு மாநிலத்துக் குழாய்களில் வரும் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் சுங்கை மூடா ஆற்றுத் தண்ணீர். அந்த ஆறு கெடாவின் உலு மூடா காடுகளில் பிறந்து எங்கள் பக்கமாக வருகிறது; கெட்டில் ஆறு அதில் சேர்வது எங்கள் ஊரருகே. கீழே போகப் போக அதுவே இரண்டு மாநிலங்களுக்கும் எல்லை ஆகிறது. தென்கரை பினாங்குடையது. அங்கே லஹார் தியாங்கில் தண்ணீரை எடுத்து, சுங்கை டுவாவில் சுத்திகரித்து, கடலுக்கடியில் போட்ட குழாய்கள் வழியாகத் தீவுக்கும் அனுப்புகிறார்கள். காட்டை வெட்டாமல் காப்பது நாங்கள், அதற்குக் காசு கொடுங்கள் என்று கெடா அரசு பல ஆண்டுகளாகக் கேட்கிறது. எங்கள் கரையிலிருந்து எங்கள் ஆற்றுத் தண்ணீரை எடுக்கிறோம், எதற்குக் காசு என்கிறது பினாங்கு. கட்சி மாறினாலும் இந்த வாக்குவாதம் மாறுவதில்லை.

பிப்ரவரி மாத வெயிலில் எங்கள் ஊர் ஆற்றுப் பாலத்தின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தால் ஆற்றின் நடுவே மணல் திட்டு முதுகு காட்டும். தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் ஒரு ஓரமாக ஒதுங்கி ஓடும். அதே வாரத்தில் எங்கள் சமையலறைக் குழாயைத் திறந்தால் முதலில் காற்றுச் சத்தம், அப்புறம் பழுப்பாக ஒரு குவளை, அப்புறம்தான் தண்ணீர். சில நாளில் அந்தக் காற்றோடு சரி. வீட்டுக்குப் பின்னால் நீல டிரம் இரண்டு எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும் என்பது என் மனைவியின் சட்டம். பினாங்கில் இருக்கும் என் தங்கை வீட்டில் டிரம் கிடையாது. நாட்டிலேயே மலிவான தண்ணீர்க் கட்டணம் வாங்கிய மாநிலங்களில் ஒன்று என்று பினாங்குக்கு நெடுநாளாகப் பெயர். அந்த மலிவுக்குப் பின்னால் எங்கள் ஆறும் ஓடுகிறது என்பதை அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சென்னையின் முதுகைப் பாருங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் போதாமல், 1976இல் கிருஷ்ணா நதிக்கரை மாநிலங்கள் மூன்றும் ஆளுக்கு 5 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டன. கால்வாய் வெட்டி முதல் தண்ணீர் பூண்டிக்கு வந்தது 1996இல். கணக்கில் உள்ளபடி முழுதாக வந்த ஆண்டு என்று தேடித்தான் பார்க்க வேண்டும். கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து 2004இல் குழாய் போட்டு எடுத்தார்கள். சோழர் காலத்தில் வயலுக்கு வெட்டிய ஏரி அது. 2019இல் எல்லாம் வற்றியபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். பினாங்கு இன்னும் கடலைக் குடிக்கும் நிலைக்கு வரவில்லை.

ஒரு நகரம் தண்ணீருக்காக எவ்வளவு தூரம் கை நீட்டுகிறது, யாரைக் கேட்டு எடுக்கிறது, என்ன கொடுக்கிறது. இந்த அளவுகோலை 13 பாகையில் வைத்தாலும் 5 பாகையில் வைத்தாலும் ஒன்றுபோல அளக்கும். அளந்தால் சுவாரசியமான வேறுபாடு ஒன்று தெரிகிறது. வீராணத்துக்காரர் சட்டமன்றத்துக்கு அனுப்பும் உறுப்பினர், சென்னை உறுப்பினர் உட்காரும் அதே அவையில் உட்காருகிறார். அவர் பேச்சு எடுபடுகிறதா என்பது வேறு. எனக்குப் பினாங்கில் ஓட்டு இல்லை. அந்த வகையில் நான் வீராணத்துக்காரரைவிடக் கிருஷ்ணா கரை ஆந்திரா விவசாயிக்குத்தான் நெருக்கம்.

அடுத்தது ஆள். விடியற்காலை நாலரைக்கு எங்கள் கடைத்தெருவில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விற்கும் அக்காவின் மேசையில் ஒரே ஒரு விளக்கு. "அக்கா, சம்பல் கூடப் போடுங்க, பாலம் தாண்டறதுக்குள்ள பசிக்குது" என்று ஒரு பெண் அவசரப்படுத்துவாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் குளிருக்கு ஒரு ஜாக்கெட், ஏனென்றால் மின்னணுச் சில்லு செய்யும் இடத்தில் ஏர்கோன் நடுக்கும். அவளுடைய பாட்டி இதே நேரத்துக்குத் தலையில் துணி கட்டிக்கொண்டு தோட்டத்துப் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நின்றிருப்பார். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. 1985இல் பாலம் வந்தபின் பெரி படகுக்குக் காத்திருக்கும் வேலையும் மிச்சம். முன்பு எங்கள் தோட்டத்து ரப்பர் பினாங்கு வழியாகக் கப்பலேறியது, இப்போது எங்கள் பிள்ளைகள் போய்ச் செய்யும் மின்னணுப் பொருள் விமானமேறுகிறது. காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர் பக்கத்து ஆட்களுக்கு இதைப் படிக்கும்போது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி பஸ் நினைவுக்கு வந்தால் அதுதான் நான் சொல்லும் ஒப்பீடு. இரண்டு இடத்திலும் உள்ளூர் ஆள் போதாமல், அங்கே வடமாநிலத்துப் பையன்களும் இங்கே நேபாள, வங்கதேசப் பையன்களும் விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள்.

இது இன்று நேற்று வந்த உறவும் இல்லை. கடாரம் என்று சோழர் கல்வெட்டுகள் சொல்வது எங்கள் கெடாவைத்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினார். அதன் செலவுக்கு விட்டது ஆனைமங்கலம் என்ற கிராமத்தின் வருவாயை. துறைமுகத்துப் புத்த விகாரத்துக்கு உள்நாட்டு வயல் சோறு போட்டது. ராஜேந்திரன் 1025 வாக்கில் கடாரத்தின் மேல் படையெடுத்தது அப்புறம் நடந்த கதை.

நீங்கள் கேட்ட மற்ற இரண்டு நகரங்களையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். சிங்கப்பூர் 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை எடுத்துக்கொள்ளலாம், ஆயிரம் காலனுக்கு 3 காசு, 2061 வரை. எங்களுக்குக் கிடைக்காத அந்த 3 காசாவது ஜொகூருக்குக் கிடைக்கிறது என்று இங்கே கோப்பிக் கடையில் கிண்டலடிப்போம். மும்பைக்குத் தாணே, பால்கர், நாசிக் மாவட்டங்களிலுள்ள ஏரிகளும் அணைகளும் தண்ணீர் தருகின்றன. தான்சா, பாட்சா எல்லாம் ஷஹாபூர் வட்டத்தில் இருக்கின்றன. அதே ஷஹாபூரின் பல சிற்றூர்களுக்குக் கோடையில் டேங்கர் லாரியில்தான் தண்ணீர் போகிறது.