சட்டியைப் பார்த்து அடுப்பை வாங்குங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அடுப்பைப் பற்றித்தான். கேக் ஏன் நடுவில் அமுங்குகிறது என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், இந்தப் பக்கம் முழுக்க ஹொப்புக்கு, அதாவது குசினி மேடையில் பதிக்கிற அடுப்புக்கு.

கேள்வி: அக்கா, கடற்கரைப் பக்கத் தொடர்மாடியில் வீடு வாங்கி, இப்போது குசினி வேலை நடக்கிறது. கிரனைட் மேடையில் ஹொப் பதிக்க எந்த அளவில் வெட்டுவது என்று மேசன் பாஸ் தினமும் கேட்கிறார். என் கணவருக்கு மின்சாரத்தில் ஓடுகிற இண்டக்ஷன்தான் வேண்டுமாம், மாமி காஸ் இல்லாவிட்டால் குசினிப் பக்கமே வரமாட்டேன் என்கிறார். எதை வாங்குவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் பாஸை நிறுத்துங்கள். ஹொப் வீட்டுக்கு வந்து, பெட்டியைத் திறந்து, அதோடு வரும் அளவுத் தாளைக் கல்லின் மேல் வைத்துப் பார்க்கும் வரை கிரனைட்டில் கை வைக்கக்கூடாது. 60 சென்ரிமீற்றர் ஹொப்புக்குப் பெரும்பாலும் 56க்கு 49 அளவில் வெட்டுவார்கள், ஆனால் கடையில் நிற்கிற மூன்று பேர்னர் அகல ஹொப்புகள் கொம்பனிக்குக் கொம்பனி வேறு அளவு. வெட்டின கல் திரும்ப ஒட்டாது. முன்பக்கத்தில் ஒல்லியாக விட்ட கல் கொஞ்ச நாளில் வெடிக்கும் என்பதையும் பாஸிடம் சொல்லி வையுங்கள்.

இனி உங்கள் வீட்டுச் சண்டைக்கு வருவோம். உங்கள் சட்டி பானைகளை எல்லாம் வெளியே எடுத்து, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிற காந்தத்தை ஒவ்வொன்றின் அடியிலும் வைத்துப் பாருங்கள். இறுக்கிப் பிடித்தால் இண்டக்ஷனில் வேலை செய்யும், பிடிக்காவிட்டால் இல்லை. கண்ணாடிக்குக் கீழே இருக்கிற செப்புக் கம்பிச் சுருள் காந்தப் புலத்தை உண்டாக்க, சட்டியின் அடிதான் தானாகச் சூடாகிறது, அதனால் இரும்புத் தன்மை உள்ள அடி இல்லாமல் சரிவராது. பிட்டு அவிக்கிற அலுமினியப் பானையை வைத்தால் பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடும். மீன்குழம்பு வைக்கிற மண்சட்டியும் அப்படித்தான். எவர்சில்வர் என்றால் எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம், சிலதில் காந்தம் ஒட்டவே ஒட்டாது.

காந்தம் பிடித்தாலும் அடி தட்டையாக இருக்க வேண்டும். உருண்டை அடித் தாச்சியும் அப்பச்சட்டியும் அங்கே தோற்றுப்போகும். அப்பத்துக்கு மாவைச் சுழற்றி விட்டதும் கரை முறுக வேண்டும் என்றால் நெருப்பு சட்டியின் பக்கங்களில் ஏற வேண்டும், அதற்குச் சாதாரண இண்டக்ஷனில் வழியில்லை. இரும்புத் தோசைக்கல்லு தட்டையாக இருந்தால் வேலை செய்யும், ஆனால் கீழே இருக்கிற சுருள் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குத்தான் நல்ல சூடு, மற்ற இடம் பிந்தித்தான் சூடேறும். தோசை நடுவில் பொன்னிறமாகி, சுற்றிவர வெள்ளை வெளேரென்று கிடக்கும். சொதிக்கு இன்னொரு தொல்லை. விலை குறைந்த ஒற்றை இண்டக்ஷன்களில் சூட்டைக் குறைத்தால் அது மெல்லிய சூடு கொடுப்பதில்லை, சில விநாடி முழு மூச்சாக எரிந்துவிட்டுச் சில விநாடி சும்மா இருக்கும். நீங்கள் அகப்பையை எடுக்கத் திரும்புகிற நேரத்தில் தேங்காய்ப்பால் பொங்கித் திரைந்துவிடும். கத்தரிக்காய் சுட, கருவாடு சுட, பப்படத்தை நெருப்பில் காட்ட, எல்லாவற்றுக்கும் மாமி சொல்வதுதான் சரி.

உங்கள் கணவரும் பிழை சொல்லவில்லை. இடியப்பம் அவிப்பது, சோறு, பருப்பு, தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி, இதற்கெல்லாம் இண்டக்ஷன் காஸை விட வேகம், குசினியும் வெக்கை ஏறாது. ஆனால் அவர் கண் வைத்திருக்கிற நாலு வட்ட ஹொப் முழு வேகத்தில் 7 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். இங்கே சாதாரண ஒற்றைப் பேஸ் வீட்டு இணைப்பு 30 அம்பியர், அதாவது மொத்த வீட்டுக்குமே 7 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. அதிலே ஒரு ஏசியும், குளியலறையில் 3 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கிற சுடுதண்ணி ஹீற்றரும் ஓடினால் மெயின் ட்ரிப் ஆகும். மூன்று பேஸ் இருக்கிறதா என்று கட்டட முகாமையாளரிடமும் வயரிங் பாஸிடமும் கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பெரிய ஹொப்பை மறந்துவிடலாம்.

என்னிடம் கேட்டால், இரண்டு பேர்னர் காஸ் ஹொப் ஒன்றைக் கல்லில் பதியுங்கள், பக்கத்தில் தனியாக ஒரு 13 அம்பியர் சொக்கற் போட்டு அதில் ஒற்றை இண்டக்ஷன் ஒன்றை மேடை மேலேயே வையுங்கள். பழுதானால் அதை மட்டும் மாற்றலாம், கல்லை வெட்டத் தேவையில்லை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த ஹொப்பும் விற்கிறார்கள், பார்க்க வடிவுதான், ஆனால் ஒரு பக்கம் பழுதானால் முழுதையும் கழற்ற வேண்டும். கொழும்பில் ஒரே ஒரு எரிபொருளை நம்பிக் குசினி கட்டக்கூடாது என்பதை 2022 நமக்கு நன்றாகவே படிப்பித்தது: சிலிண்டருக்கு வரிசை ஒரு பக்கம், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு மறு பக்கம். அப்புறம் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதில் நாடு முழுக்க இருண்டது என்றார்கள். குரங்குக்கெல்லாம் யார் காவல் இருப்பது?

காஸ் ஹொப் வாங்கும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பேர்னருக்கும் பக்கத்தில் சின்ன உலோக முனை ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள், அது நெருப்பு அணைந்தால் காஸைத் தானாக நிறுத்துகிற பாதுகாப்பு. தீ மூட்டும் முனையும் அங்கேயே இருக்கும் என்பதால் இரண்டையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பக்கத்தில் யன்னலைத் திறந்தால் கடல்காற்று நேரே அடுப்புக்கு வரும், நெருப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் காஸ் போய்க்கொண்டிருக்கும். இந்தப் பாதுகாப்பு உள்ள ஹொப்பில் பற்றவைத்த பிறகும் திருகியைச் சில விநாடி அமத்திப் பிடிக்க வேண்டும், பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். உப்புக் காற்றுக்குச் சட்டி தாங்கிகளும் சீக்கிரம் துருப்பிடிக்கும், தகரத்தை விட வார்ப்பிரும்பு பரவாயில்லை. வாங்க முதல் சிலிண்டரை மேலே கொண்டுபோக உங்கள் கட்டடத்தில் விடுவார்களா என்றும் கேட்டுவிடுங்கள், சில உயரமான கட்டடங்களில் விடுவதில்லை.

கேள்வி: கண்ணாடி ஹொப் வெடிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். எங்களிடம் இருப்பது அதுதான். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: 2021 கடைசி மாதங்களில் நாடு முழுக்கக் காஸ் வெடிப்புச் செய்திகள் வந்ததில் இருந்து இந்தப் பயம் எல்லோருக்கும் இருக்கிறது, நியாயம்தான். ஆனால் கண்ணாடி உடைவதும் காஸ் வெடிப்பதும் இரண்டு விஷயம். பதப்படுத்திய கண்ணாடி உடைந்தால் கூரான துண்டாக இல்லாமல் உப்புக்கல் போலப் பொடிப்பொடியாகச் சிதறும், சத்தமும் பெரிதாக இருக்கும், அதைத்தான் பல பேர் வெடிப்பு என்கிறார்கள். உடைய முக்கியமான காரணம் சட்டிதான்: பொங்கலுக்கு எடுக்கிற பெரிய பானையை, அல்லது இரண்டு பேர்னரையும் மூடுகிற தட்டை வைத்தால் சூடு மேலே போக இடமில்லாமல் கண்ணாடிக்கே திரும்பி அடிக்கும். கொதிக்கிற கண்ணாடியில் ஈரத்துணி போடுவது, ஓரத்தில் அம்மிக்குழவி மாதிரி எதையாவது தட்டிவிடுவது, பேர்னர் மூடி சரியாக உட்காராமல் நெருப்பு கீழே எரிவது, இதெல்லாமும் காரணம்.

மாற்றத் தேவையில்லை, பெரிய பானைக்கு வேறு அடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது துருப்பிடிக்காத எஃகு மேல்தட்டுத்தான். கீறல் விழும், பளபளப்புக் குறையும், விழட்டுமே.

உண்மையான வெடிப்பு கசிவில் இருந்து வருவது. நம்முடைய சிலிண்டர் காஸ் காற்றை விடப் பாரமானது, கசிந்தால் தரையோடு படிந்து அலுமாரிக்குள் தங்கும். ஆகவே சிலிண்டர் இருக்கிற அலுமாரிக் கதவின் அடியில் காற்றுப் போக வழி வேண்டும், மேலே ஓட்டை போட்டுப் பிரயோசனமில்லை. சிலிண்டர் மாற்றுகிற ஒவ்வொரு முறையும் ரெகுலேற்றரிலும் குழாயின் இரண்டு முனையிலும் சவர்க்கார நுரையைத் தடவி, குமிழி வருகிறதா பாருங்கள். மணம் வந்தால் லைட்டைப் போடவும் வேண்டாம், நிற்பாட்டவும் வேண்டாம், ரெகுலேற்றரை மூடி யன்னல் கதவைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கிற அண்ணா நாலு பேர்னர் ஹொப் ஒன்று அனுப்புகிறேன் என்கிறார். இங்கே சரிவருமா?
– வாசகி, கொச்சிக்கடை

பதில்: காஸ் ஹொப் என்றால் அப்படியே பூட்டக்கூடாது. அங்கே வீடுகளுக்குக் குழாயில் வருவது இயற்கை வாயு, இங்கே சிலிண்டரில் இருப்பது எல்பி காஸ். அங்கத்தைய ஹொப்பில் காஸ் வருகிற ஜெற் ஓட்டை பெரிது, இங்கே இணைத்தால் மஞ்சளாக, உயரமாக, கரி கக்கிக்கொண்டு எரியும், ஆபத்தும்கூட. எல்பி காஸுக்கான ஜெற் செற்றையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், பல ஹொப்புகளுக்கு அது கிடைக்கும், தெரிந்த ஆளைக் கொண்டு மாற்றுங்கள். மின்சார ஹொப் என்றால் அங்கேயும் இங்கேயும் ஒரே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், அந்த வகையில் கவலையில்லை. ஆனால் வெள்ளவத்தைக்காரருக்குச் சொன்ன 30 அம்பியர் கதை உங்களுக்கும் உண்டு. 13 அம்பியர் பிளக்கில் ஓடுகிற வகையை அனுப்பச் சொன்னால் தொல்லை குறைவு. பழுதானால் உதிரிப்பாகத்துக்கு அண்ணாவுக்குத்தான் போன் எடுக்க வேண்டி வரும்.

கேள்வி: வாடகை அறையில் இருக்கிறேன், காஸுக்கு வீட்டுக்காரர் அனுமதியில்லை. இண்டக்ஷனா, இன்ஃப்ராரெட்டா?
– மாணவர், பம்பலப்பிட்டி

பதில்: கையில் இருக்கிற இரண்டு சட்டியும் அலுமினியமாக இருந்து, புதிதாக வாங்கக் காசில்லை என்றால் இன்ஃப்ராரெட், அடி தட்டையான எந்தச் சட்டியும் அதில் போகும். ஆனால் அதன் கண்ணாடி சிவக்கச் சூடாகி, நிறுத்தின பிறகும் கனநேரம் சுடும், கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிற சாமான் இல்லை. புத்தகமும் உடுப்பும் சிதறிக் கிடக்கிற அறைக்கு நான் இண்டக்ஷனைத்தான் சொல்வேன், ஒரு இண்டக்ஷன் சட்டியும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். எதுவானாலும் 2000 வாட் என்றால் 9 அம்பியருக்குக் கிட்ட இழுக்கும், பழைய 5 அம்பியர் வட்டப் பின் சொக்கற்றிலோ மல்ரி பிளக்கிலோ போட்டால் பிளாஸ்ரிக் உருகுகிற மணம்தான் முதலில் வரும். சுவரில் இருக்கிற 13 அம்பியர் சதுரப் பின் சொக்கற்றில் நேரே போடும். இன்னொன்று, கரப்பான் பூச்சி. இளஞ்சூட்டுக்காக அடியில் இருக்கிற காற்றாடி ஓட்டை வழியே உள்ளே போய்க் குடியிருந்து மின்சுற்றுப் பலகையைப் பழுதாக்கும். பாவித்து ஆறின பிறகு துடைத்து, ஒரு பையில் போட்டுக் கட்டி வையும்.

கேள்வி: ஓய்வூதியக்காரன் நான். காஸா கரண்டா, எது மலிவு?
– வாசகர், தெஹிவளை

பதில்: ஐயா, விலை இரண்டும் மாறிக்கொண்டே இருப்பதால் கணக்குப் போடும் வழியைத் தருகிறேன், அந்தந்த மாத விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 12.5 கிலோ சிலிண்டரில் ஏறக்குறைய 160 யூனிட்டுக்குச் சமமான சூடு இருக்கிறது, ஆனால் காஸ் அடுப்பில் பாதிக்கு மேல் சட்டியைச் சுற்றி வெளியே போய்விடும். இண்டக்ஷனில் அவ்வளவு வீண் போவதில்லை. ஆகவே ஒரு சிலிண்டர் சமையலை இண்டக்ஷனில் செய்யச் சுமார் 80 யூனிட் ஆகும். சிலிண்டர் இரண்டு மாதம் வருகிற வீட்டில் மாதம் 40 யூனிட் கூடும்.

கவனிக்க வேண்டியது அந்த 40 யூனிட் எந்தப் படியில் போய் விழுகிறது என்பதைத்தான். நமது வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது, 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டில் இருந்தே வேறு கணக்கு, அதன் பிறகு 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் விலை கூடும். இப்போது 50 யூனிட்டில் நிற்கிறவர் இண்டக்ஷனுக்கு மாறினால் பில் பாய்ந்து ஏறும், அவருக்குக் காஸ்தான். ஏற்கெனவே 180ஐத் தாண்டின வீட்டில் கூடுகிற ஒவ்வொரு யூனிட்டும் ஆகக் கூடின விலையில்தான், அங்கேயும் காஸ் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கூரையில் சூரியத் தகடு போட்டவர்கள் பகலில் இண்டக்ஷனில் சமைப்பது நல்லது.

கேள்வி: அப்பாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. வீட்டில் இண்டக்ஷன் பாவிக்கலாமா?
– வாசகி, மட்டக்குளி

பதில்: மற்றவர்கள் சமைக்கலாம், அப்பா எரிகிற இண்டக்ஷனில் இருந்து 60 சென்ரிமீற்றர், அதாவது இரண்டு அடியாவது தள்ளி நிற்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. குனிந்து சட்டிக்குள் எட்டிப் பார்ப்பது அவருக்கு வேண்டாம். அவரே சமைக்கிற ஆள் என்றால் காஸோ இன்ஃப்ராரெட்டோ வாங்குங்கள். எப்படியும் அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது இதயநோய் வைத்தியரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.