கோல் கீப்பரின் பக்கம் யார் இருப்பது?

வணக்கம் ஐயா,

போன மாதம் ஒரு உதைபந்தாட்ட லீக் போட்டியில் என் அக்காவின் மகன், 19 வயது, வேலி பாய்ந்து உள்ளே ஓடி எதிரணி கோல் கீப்பருக்கு அடித்துவிட்டான். உதடு வெடித்துவிட்டது. பொலிஸில் முறைப்பாடு இருக்கிறது. மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கலாம் என்று கிளப் ஆட்கள் சொல்கிறார்கள். இதற்கிடையில் இங்கிலாந்தில் ஜக் கிரீலிஷ் என்ற ஆட்டக்காரருக்கு அடித்தவனை 14 வாரம் உள்ளே போட்டார்கள் என்று யாரோ வீட்டுக்கு வந்து சொல்ல, அக்காவுக்கு நித்திரையே இல்லை. தெருவில் ஒருவன் இன்னொருவனுக்கு அடித்தால் இப்படிச் செய்வார்களா? கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவனின் கன்னத்துக்குத் தனி விலையா? மான்செஸ்டர் யுனைட்டட் வீரர் கன்டோனா ரசிகனை உதைத்துவிட்டு சிறைக்குப் போகவில்லையே? உங்கள் காலத்தில் இப்படி எதுவும் நடக்கவில்லையா?

எஸ்., கொட்டாஞ்சேனை

அன்புள்ள எஸ்.,

முதலில் அக்காவை நித்திரை கொள்ளச் சொல்லுங்கள். கிரீலிஷ் வழக்கில் வந்த பர்மிங்ஹாம் தீர்ப்பு நம்முடைய புதுக்கடை நீதிமன்றத்தில் செல்லாது. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது. விளையாட்டு வீரர், ரசிகர் என்ற பிரிவெல்லாம் அதற்குத் தெரியாது. காயம் மட்டும்தான் தெரியும். சாதாரண காயம் என்றால் 314ஆம் பிரிவு, கூடியது ஒரு வருடம். பல் உடைந்திருந்தால் அது பாரதூரமான காயம். 316ஆம் பிரிவு, ஏழு வருடம் வரை போகும். உதட்டுக்கும் பல்லுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று மருமகன் ஒருமுறை கண்ணாடியில் பார்க்கட்டும். (விளையாட்டுக் குற்றங்களுக்கென்று 2019இல் நாங்களும் ஒரு சட்டம் கொண்டுவந்தோம். அது ஆட்ட நிர்ணயம், சூதாட்டம் பற்றியது. மைதானத்தில் பணம் மாறினால்தான் நமக்குக் கண் திறக்கும்.)

இனி கிரீலிஷ். 2019 மார்ச் 10. பர்மிங்ஹாம் சிட்டி, அஸ்டன் வில்லா. ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் பின்னாலிருந்து ஓடிவந்து தாடையில் குத்தினான் ஒருவன். அன்று வில்லா 1-0 என்று வென்றது. அந்த ஒரு கோலை அடித்ததும் குத்து வாங்கிய கிரீலிஷ்தான். குத்தியவன் மறுநாளே நீதவான் முன்னால் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டான். 14 வாரச் சிறை, பத்து வருட மைதானத் தடை, கிரீலிஷுக்கு 100 பவுண் நட்டஈடு. கன்னத்தின் விலையைக் கேட்டீர்களே, அந்த நீதிமன்றம் போட்ட விலை இதுதான்.

தெருவில் அடித்தாலும் இப்படியா என்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு 2011 டிசம்பர் 21ஆம் திகதி அம்ஸ்டர்டாமில் நடந்ததைச் சொல்லவேண்டும். அயாக்ஸுக்கும் ஏஇசட் அல்க்மாருக்கும் கிண்ணப் போட்டி. 19 வயதுப் பொடியன் ஒருவன், உங்கள் மருமகனின் வயதுதான், ஓடிவந்து ஏஇசட் கோல் கீப்பர் எஸ்தபான் அல்வராடோவை உதைக்கப் பாய்ந்தான். அல்வராடோ விலகினார். பொடியன் விழுந்தான். விழுந்தவனுக்கு இவர் இரண்டு மூன்று உதை கொடுத்தார். நீங்களும் நானும் என்றால் அதைத்தான் செய்திருப்போம். ரெப்ரி என்ன செய்தார் தெரியுமா? அல்வராடோவுக்குச் சிவப்பு அட்டை! ஏஇசட் பயிற்றுநர் தன் அணியையே வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். பிறகு அட்டையை மீளப்பெற்றார்கள். அடுத்த மாதம் மறுபடி நடந்த ஆட்டத்துக்குச் சிறுவர்களையும் அவர்களைக் கூட்டிவந்தவர்களையும் மட்டுமே உள்ளே விட்டார்கள்.

தெருவில் அடிவாங்குகிறவன் திருப்பி அடிக்கலாம், ஓடலாம், கடைக்குள் புகுந்து கதவைச் சாத்தலாம். கோல் கீப்பர் எங்கே ஓடுவது? அந்த இரண்டு கம்பத்துக்கும் நடுவில் நிற்பதுதான் அவனுடைய வேலை. முகம் மைதானத்துக்கு, முதுகு உங்களுக்கு. திருப்பி அடித்தால் அட்டை. சம்பளம் கோடியோ, நம்மட லீக்கில் மாதிரி பஸ் காசும் சாப்பாட்டுப் பார்சலுமோ, நிலைமை ஒன்றுதான். உங்கள் மருமகன் அடித்தது கை கட்டப்பட்டிருந்த ஒருவனுக்கு.

கன்டோனா விசயத்தில் பாதிதான் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 1995 ஜனவரியில் அவர் ரசிகனை உதைத்தார். நீதவான் முதலில் கொடுத்தது இரண்டு வாரச் சிறை. மேன்முறையீட்டில்தான் அது 120 மணி நேர சமூக சேவையானது. செப்டம்பர் முடியும்வரை ஆடவும் தடை. அதாவது அடித்தவர் வீரர் என்பதற்காக யாரும் அவரை விட்டுவிடவில்லை. உதை வாங்கிய ரசிகன் மீதும், மிரட்டும் விதமாகப் பேசி நடந்துகொண்டான் என்று வழக்கு வைத்தார்கள். குற்றவாளி என்று தீர்ப்பானதும் அந்த ஆள் நீதிமன்றத்திலேயே எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மீது பாய்ந்தான். அபராதத்தோடு ஏழு நாள் சிறையும் சேர்ந்தது. ஒரு நிமிடக் கோபம் என்பதெல்லாம் சிலருக்குக் கொஞ்சம் நீண்ட நிமிடம்.

எனக்கு அந்த நாட்டுச் சிறையில் பெரிய மதிப்பில்லை. 19 வயதுப் பொடியனை விளக்கமறியலில் போட்டால் அவன் கற்றுவருவது வேறு பாடம். எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று, மறுநாளே தீர்ப்பு. பத்திரிகைக்காரனாகப் புதுக்கடைக்கு நடந்த காலத்தில், தவணை தவணையாகப் போய், அடித்தவனும் அடிவாங்கியவனும் எதற்கு வந்தோம் என்று மறந்து ஒன்றாகத் தேநீர் குடித்ததைப் பார்த்திருக்கிறேன். மற்றது, மைதானத் தடை. சிறை இல்லாவிட்டால் மூன்று முதல் ஐந்து வருடம், சிறையும் சேர்ந்தால் ஆறு முதல் பத்து வருடம் என்பது அங்கே சட்டம். 2023 ஜனவரியில் ஆர்சனல் கோல் கீப்பர் ரம்ஸ்டேலை உதைத்தவனுக்குச் சிறை இல்லை, 100 மணி நேரம் சம்பளமில்லாத வேலை. தடை நான்கு வருடம். தடையை மீறினால் ஆறு மாதம் வரை உள்ளே. தங்கள் நாட்டு அணி வெளிநாட்டில் ஆடும்போது கடவுச்சீட்டைக்கூடக் கையளிக்கச் சொல்லலாம். ஆட்டம்தான் வாழ்க்கை என்று திரிகிறவனுக்கு அதைவிட வலி எது?

ஆனால் வாசலில் பார்க்க ஆள் வேண்டும். 2023 பெப்ரவரியில் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் செவியா கோல் கீப்பர் டிமித்ரோவிச்சுக்கு அடித்தவன் ஏற்கெனவே தடை வாங்கியவன்! அவனுக்கு மூன்று மாதச் சிறை, அதில் ஒரு மாதம் ஒத்திவைப்பு. அந்த நகரின் பிஎஸ்வி கிளப் தன் பங்குக்கு நாற்பது வருடத் தடை போட்டது. நம்மட மைதானங்களில் பாதிக்கு மதிலே ஒழுங்காக இல்லை.

என் காலத்தைக் கேட்டீர்கள். நடந்தது. எண்பதுகளின் தொடக்கம், மழை நாள், கோலுக்குப் பின்னால் நாங்கள் ஏழெட்டுப் பேர். வெளியூர் அணியின் கோல் கீப்பர் எங்களுக்கு வரவேண்டிய இரண்டு கோலைப் பிடித்துவிட்டான். எங்களில் ஒருவன் உள்ளே போய்க் குடையால் அவன் காதடியில் அடித்தான். குடை என்னுடையது. அவன் கேட்டான், நான் கொடுத்தேன். எதற்கென்று தெரிந்துதான் கொடுத்தேன். அன்று பின்னேரம் பொலிஸ் நிலையத்துக்குக் கதைக்கப் போன ஐந்து பேரில் நானும் ஒருவன். அந்தக் கோல் கீப்பர், பேக்கரியில் வேலை செய்கிற பொடியன், தனியாக வாங்கில் இருந்தான். நாங்கள் ஐந்து பேரும் சுற்றி நின்று, தம்பி, கம்பத்தில் அடிபட்டது என்று சொல்லுங்கோ, எல்லாருக்கும் நல்லது என்றோம். சொன்னான். கையும் குடுத்தான். அடுத்த பருவம் அந்த அணிக்கு வேறு கோல் கீப்பர்.

ஆகவே மத்தியஸ்த சபைக்குப் போங்கள், அதை நான் தடுக்கமாட்டேன். கிளப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மருமகனும் அக்காவும் போதும். அடித்தேன் என்று அவனே வாய் திறந்து சொல்லட்டும். வைத்தியச் செலவும், அந்தப் பொடியன் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளமும் எவ்வளவு என்று கேட்டுக் கொடுங்கள். இந்தப் பருவம் முடியும்வரை மைதானப் பக்கம் போகமாட்டேன் என்று எழுதியும் கொடுக்கட்டும். சட்டம் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

தவணை என்றைக்கு என்று எழுதுங்கள். கோல் கீப்பரின் பக்கம் யாரும் வராவிட்டால், அவருக்குச் சம்மதமென்றால், நான் வந்து பக்கத்தில் இருக்கிறேன்.