மழையில் நனைந்தால் சளி பிடிக்குமா? மூக்குக்குள் என்னதான் நடக்கிறது?

கேள்வி இரண்டு பங்காக இருக்கிறது: மழையில் நனைந்ததால்தான் சளி பிடிக்கிறதா, ஒரே வீட்டில் ஒருவருக்குப் பிடித்தால் இன்னொருவருக்கு ஏன் பிடிப்பதில்லை. நான் மருத்துவன் இல்லை, நுண்ணுயிரியல் படித்துவிட்டுக் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஆனால் போன மாதம் இந்த இரண்டு கேள்வியும் செந்தூலில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டன.

அக்கா மகன் தாடிகாவிலிருந்து (பாலர் பள்ளி) மூக்கொழுக வந்தான், வந்ததும் என் மடியில் ஏறி என் சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டான். மறுநாள் சாயங்காலம் எல்.ஆர்.டி. ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடப்பதற்குள் தொப்பலாக நனைந்தேன். அதற்கடுத்த நாள் தொண்டை கரகரத்தது, அப்புறம் மூக்கு பைப்பைத் திறந்துவிட்ட மாதிரி. "குடை எடுத்துட்டுப் போடான்னு சொன்னேன்ல" என்று அம்மா ஆரம்பித்துவிட்டார். பையனை நாள் முழுக்கத் தூக்கிச் சுமந்து, அவன் மிச்சம் வைத்த மைலோவையும் குடித்த அக்காவுக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

சாதாரணச் சளிக்கு அதிகமாகக் காரணமாக இருப்பது ரைனோவைரஸ். அதில் 160க்கு மேற்பட்ட வகைகள் உண்டு, அதனால்தான் ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்ற பேச்சுக்கே இடமில்லை. மூக்கின் உட்சுவரில் இருக்கும் உயிரணுவில் ஒட்டிக்கொண்டு உள்ளே போய், எட்டுப் பத்து மணி நேரத்தில் தன்னைப் பல்லாயிரமாகப் பெருக்கிக்கொள்ளும். ஆனால் உயிரணுவும் சும்மா இருப்பதில்லை. வைரஸ் நகலெடுக்கும்போது உண்டாகும் ஆர்.என்.ஏ. என்ற மரபுப்பொருளைக் கண்டுபிடிக்க உள்ளேயே உணரிகள் இருக்கின்றன. அது சிக்கியதும் உயிரணு இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடுகிறது. அது பக்கத்து உயிரணுக்களுக்கு எச்சரிக்கை: திருடன் தெருவுக்குள் வந்துவிட்டான், கதவைச் சாத்துங்கள். எச்சரிக்கை கேட்ட உயிரணுக்கள் வைரஸ் உள்ளே வந்தாலும் பெருக முடியாதபடி நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. இது ரத்தத்திலிருந்து யாரும் உதவிக்கு வருவதற்கு முன்பே, மூக்குச் சுவர் தானாகவே செய்யும் வேலை. இந்தச் சத்தம் சீக்கிரம் கேட்டால் வைரஸ் சில உயிரணுக்களோடு நின்றுவிடும். தாமதமானால் பரவும். வைரஸ் தொற்றியும் அறிகுறியே இல்லாதவர்கள் ஏறத்தாழ நாலில் ஒருவர். அக்காவும் அந்தக் கூட்டமாக இருக்கலாம், அல்லது அந்த வகை வைரஸ் அவளுக்கு ஏற்கெனவே வந்து போயிருக்கலாம்.

குளிர் இங்கேதான் உள்ளே வருகிறது. உடம்புக்குள் 37 டிகிரி என்றால் மூக்குக்குள் சுமார் 33தான். 2015இல் யேல் பல்கலைக்கழகத்தில் எலன் ஃபாக்ஸ்மன், அகிகோ இவாசாகி குழுவினர் சுண்டெலியின் மூச்சுப்பாதை உயிரணுக்களில் ரைனோவைரஸை விட்டுப் பார்த்தார்கள். 37 டிகிரியில் எச்சரிக்கை பலமாக அடித்தது, 33இல் மந்தமாக இருந்தது. ரைனோவைரஸுக்குக் குளிர் பிடிக்கும் என்றுதான் முன்பெல்லாம் சொல்வார்கள். ஆனால் எச்சரிக்கை அமைப்பு பழுதான உயிரணுக்களில் 37 டிகிரியிலும் அது நன்றாகவே பெருகியது. குளிரில் நம் காவல்காரன் தூங்கி வழிகிறான் என்பதுதான் கதையின் பெரிய பாதி. எங்கள் ஆபீஸில் ஏர்கோனை 18இல் வைத்துவிட்டு எல்லாரும் ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் நினைவுக்கு வரும்.

அப்படியென்றால் இன்டர்ஃபெரானையே மூக்கில் அடித்துவிடலாமே? அடித்துப் பார்த்தார்கள். 1980களில் ஸ்ப்ரேயாகக் கொடுத்தபோது சளியைத் தடுத்தது. ஆனால் தொடர்ந்து போட்டவர்களுக்கு மூக்கு எரிந்து ரத்தம் கசிந்தது, அதோடு அந்த யோசனை படுத்துவிட்டது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. ஃப்ளூ வைரஸ் மாதிரி ரைனோவைரஸ் மூக்குச் சுவரைப் பெரிதாக அழிப்பதில்லை. நாம் படும் பாடு பெரும்பாலும் நம் உயிரணுக்களே செய்வது. அவை விடும் வேதிச்செய்திகளால் ரத்தக்குழாய்கள் வீங்குகின்றன, வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன. மூக்கடைப்பு என்பது முக்கால்வாசி இந்த வீக்கம்தான், எவ்வளவு சிந்தினாலும் திறக்காததற்குக் காரணம் அதுதான். நாலாம் நாள் சளி பச்சையாக வருவதும் அந்த வெள்ளையணுக்களில் இருக்கும் பச்சை நிற நொதியால். நான் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) வாங்கப் போன கிளினிக்கில் நிறத்தைக் கேட்டதுமே ஆண்டிபயாட்டிக் எழுதிவிட்டார்கள். நிறம் மட்டும் அதற்குக் காரணம் ஆகாது, வைரஸை ஆண்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. வாங்கவில்லை, பத்தாம் நாள் தானாகவே சரியானது. மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து போடுகிறவர்கள் நாலைந்து நாளுக்கு மேல் போடாதீர்கள், விட்டதும் முன்பைவிட மோசமாக அடைக்கும்.

சரி, மழை. வைரஸ் இல்லாமல் மழை மட்டும் சளியைக் கொண்டுவராது, என்னுடையது அநேகமாக அந்தச் சட்டைக் கையிலிருந்து வந்தது. ஆனால் 2005இல் பிரிட்டனின் கார்டிஃபில் ஆய்வாளர்கள் 90 பேரின் கால்களைக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் வைத்தார்கள், இன்னொரு 90 பேர் ஷூ சாக்ஸோடு காலி வாளியில் கால் வைத்திருந்தார்கள். அடுத்த நாலைந்து நாளில் சளி பிடித்ததாகச் சொன்னவர்கள் முதல் கூட்டத்தில் 13, இரண்டாவதில் 5. அவர்கள் மூக்கில் வைரஸ் இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. கால் சில்லிட்டால் மூக்கின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ஏற்கெனவே பதுங்கியிருக்கும் வைரஸுக்கு அது வசதியாகிவிடும் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

இதை அம்மாவிடம் விளக்கியது என் தப்பு. பதின்மூன்றும் ஐந்தும் மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. இப்போது வாசலில் ஒரு துண்டு தொங்குகிறது, கால் துடைக்காமல் உள்ளே விடுவதில்லை.