கணினிக் கேள்வி பதில்: தரவுத்தளப் பாடத்தில் எழும் ஐயங்கள்

கேள்வி: எக்செல் தாளிலேயே விவரங்களைத் தேடவும் வடிகட்டவும் கூட்டவும் முடிகிறது. அப்படியிருக்க, தரவுத்தளம் என்று ஒன்றைத் தனியாகப் படிப்பது எதற்காக?

பதில்: ஒருவர் மட்டும் கையாளும், சில நூறு வரிசைகளைத் தாண்டாத பட்டியலுக்கு எக்செல் போதும், அதற்குப் போய்த் தரவுத்தளம் அமைப்பது வீண் வேலை என்றே சொல்வேன். ஒரே நேரத்தில் பலர் எழுதும் விவரங்களும், ஒன்றையொன்று சார்ந்த பல பட்டியல்களும் வந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். தேதிக்கான கட்டத்தில் யாராவது ‘அடுத்த வாரம்’ என்று தட்டச்சு செய்தால், தனியாகக் கட்டுப்பாடு விதித்திருந்தாலன்றி எக்செல் அதைப் பேசாமல் வாங்கிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தள மென்பொருளோ, அந்தப் புலம் (அட்டவணையின் நெடுவரிசை) தேதி வகை என்று அறிவிக்கப்பட்டிருந்தால், தேதியாகப் பொருள்கொள்ள முடியாத எதையும் ஏற்க மறுத்துவிடும்.

கொள்ளளவும் ஒரு சிக்கல்தான். எக்செல்லின் இன்றைய கோப்பு வடிவில் ஒரு தாளுக்கு 10,48,576 வரிசைகள் உண்டு, பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவில் 65,536 மட்டுமே. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, ஆய்வகங்கள் அனுப்பிய கோவிட் பரிசோதனை முடிவுகளைப் பழைய வடிவக் கோப்புகளில் ஏற்றியபோது எல்லையைத் தாண்டிய வரிசைகள் விடுபட்டுப்போக, 15,841 தொற்றாளர்களின் விவரங்கள் அன்றாடக் கணக்கில் உரிய நேரத்தில் சேரவில்லை. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் அதனால் தாமதமானது.

கேள்வி: டேட்டாபேஸ், டி.பி.எம்.எஸ்., எஸ்.க்யூ.எல்., மைஎஸ்க்யூஎல் ஆகிய நான்கும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. ஒழுங்குபடுத்திச் சேர்த்துவைத்த விவரங்களே டேட்டாபேஸ், அதாவது தரவுத்தளம். அவற்றை வட்டில் எழுதுவது, கேட்டபோது எடுத்துக் கொடுப்பது, யார் எதைப் பார்க்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது ஆகிய வேலைகளைச் செய்யும் மென்பொருள் டி.பி.எம்.எஸ்.; மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் எல்லாம் அந்த வகையைச் சேர்ந்தவை. எஸ்.க்யூ.எல். என்பது அவற்றிடம் நாம் கேட்கும் மொழி. விவரங்களை அட்டவணைகளாகவும் அவற்றுக்கிடையேயான தொடர்புகளாகவும் பார்க்கும் முறையை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். அதே நிறுவனத்தின் டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் அதற்கான கேள்வி மொழியை வெளியிட்டார்கள். அதுவே வளர்ந்து 1986இல் அமெரிக்கத் தர நிர்ணயமாயிற்று. எந்த விவரம் வேண்டும் என்று சொன்னால் போதும், அதை எந்த வழியில் தேடுவது என்பதை மென்பொருளே தீர்மானிக்கும் என்பதுதான் அந்த மொழியின் தனிச்சிறப்பு.

கேள்வி: நூலகச் செயல்திட்டத்துக்காக உறுப்பினர் பெயர், முகவரி, நூலின் தலைப்பு, ஆசிரியர், எடுத்த தேதி, திருப்பிய தேதி எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் வைத்தேன். மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். ஒரே இடத்தில் இருப்பதுதானே எளிது?

பதில்: படிப்பதற்கு எளிது, திருத்துவதற்கு எளிதன்று. ஓர் உறுப்பினர் நாற்பது நூல்களை எடுத்திருந்தால், உங்கள் அட்டவணையில் அவருடைய முகவரி நாற்பது முறை இருக்கும். அவர் வீடு மாறியதும் முப்பத்தொன்பது வரிசைகளைத் திருத்திவிட்டு ஒன்றை மறந்துவிட்டீர்கள் என்று கொள்வோம். இனி அந்த அட்டவணையில் அவருக்கு இரண்டு முகவரிகள். எது சரி என்பதைக் கணினியால் சொல்ல முடியாது. புதிதாக வாங்கிய நூலை யாராவது எடுக்கும்வரை அதைப் பதிவுசெய்ய ஒழுங்கான இடமும் இல்லை. ஒரே ஒரு நூலை மட்டும் எடுத்தவரின் அந்த ஒற்றை வரிசையை நீக்கினால், நூலகத்தில் அவர் உறுப்பினர் என்ற செய்தியே அழிந்துபோகும்.

ஆகவே உறுப்பினர் அட்டவணையில் எண், பெயர், முகவரி. நூல் அட்டவணையில் எண், தலைப்பு, ஆசிரியர். இரவல் அட்டவணையில் உறுப்பினர் எண், நூல் எண், இரண்டு தேதிகள் என்று பிரிக்கிறோம். முகவரி இப்போது ஒரே இடத்தில் இருக்கிறது. முழு விவரமும் ஒருசேரத் தேவைப்படும்போது, எண்களைப் பொருத்தி அட்டவணைகளை இணைக்கும் ‘ஜாயின்’ கட்டளை அதைத் தந்துவிடும்.

அட்டவணைகளை இப்படிப் பிரிப்பதற்கான விதிகளான முதல், இரண்டாம், மூன்றாம் இயல்பு வடிவங்களின் வரையறைகளை மனப்பாடம் செய்வதற்கு முன், ஒவ்வொரு புலத்தையும் பார்த்து ‘இது யாரைப் பற்றிய, எதைப் பற்றிய செய்தி?’ என்று கேட்டுப் பழகுங்கள். தேர்வுக்கு வரையறை உதவும், அட்டவணையை அமைக்கும்போது இந்தக் கேள்விதான் உதவும். முகவரி உறுப்பினரைப் பற்றியது. ஆனால் நூலை எடுத்த அன்று அவருக்கு இருந்த முகவரி எது என்பதைப் பாதுகாக்க வேண்டுமென்றால், அது இரவலைப் பற்றிய செய்தி. அப்போது அதை இரவல் அட்டவணையில் வைப்பது தவறாகாது. நூலுக்கு இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் ஒரே கட்டத்தில் காற்புள்ளியிட்டு இருவரையும் எழுதிவிடத் தோன்றும். அதைத் தவிர்த்து, எந்த நூலுக்கு எந்த ஆசிரியர் என்பதற்குத் தனி அட்டவணை வைத்தால்தான், ஓர் ஆசிரியரின் நூல்கள் அனைத்தையும் பிழையின்றித் தேட முடியும்.

கேள்வி: உறுப்பினருக்குக் கைபேசி எண்ணையே பிரைமரி கீயாக வைக்கலாமா? ஒவ்வொருவருக்கும் அது வேறுதானே?

பதில்: வைக்க வேண்டாம். அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் புலமே பிரைமரி கீ. கைபேசி எண் மாறும். ஒரே எண்ணை வீட்டில் இருவர் கொடுப்பார்கள். ஒருவர் விட்டுவிட்ட எண் பின்னர் வேறொருவருக்கு ஒதுக்கப்படும். பிரைமரி கீ மாறினால், அதைச் சுட்டும் மற்ற அட்டவணைகளின் வரிசைகளும் மாற வேண்டும். பொருள் ஏதுமற்ற ஒரு வரிசை எண்ணை மென்பொருளே வழங்கும்படி செய்வது பாதுகாப்பானது. இரவல் அட்டவணையிலுள்ள உறுப்பினர் எண்ணை ஃபாரின் கீ (வேறோர் அட்டவணையின் வரிசையைச் சுட்டும் புலம்) என்று அறிவித்துவிட்டால், இல்லாத உறுப்பினரின் பெயரில் இரவல் பதிய முடியாது; இரவல் பதிவுகள் உள்ள உறுப்பினரைத் தவறுதலாக நீக்கவும் முடியாது. எஸ்க்யூலைட்டில் பழகுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் ஃபாரின் கீ சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும் என்பதால், ஒவ்வொரு இணைப்பிலும் அதற்குரிய ‘பிராக்மா’ கட்டளையால் இயக்கிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: இன்னும் திரும்பி வராத நூல்களைப் பார்க்க, திருப்பிய தேதி = ‘நல்’ என்று நிபந்தனை எழுதினேன். திரும்பாத நூல்கள் இருந்தும் ஒரு வரிசைகூட வரவில்லை. என்ன பிழை?

பதில்: ‘நல்’ என்பது சுழியமும் அன்று, வெற்றெழுத்தும் அன்று, இங்கே ஒரு மதிப்பு பதியப்படவில்லை என்பதற்கான குறி. தெரியாத ஒன்றை வேறெதனுடன் ஒப்பிட்டாலும், இன்னொரு ‘நல்’லுடனே ஒப்பிட்டாலும், விடை ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது; ‘தெரியாது’ என்ற மூன்றாவது விடைதான் வரும். நிபந்தனைக்கு ஆம் என்று விடை வரும் வரிசைகளை மட்டுமே எஸ்.க்யூ.எல். காட்டும். எனவே சமக்குறியை எடுத்துவிட்டு ‘இஸ் நல்’ என்று எழுதுங்கள்.

நீங்கள் கண்டது, வெற்றுப் பட்டியல் வந்ததால் உடனே தெரிந்துவிட்ட பிழை. பாதி விடை வந்து ஏமாற்றும் பிழைகள்தான் ஆபத்தானவை. உறுப்பினர் வகை ‘மாணவர்’ என்பதற்குச் சமம் அல்லாதவர்களைக் கேட்டால், வகையே பதியப்படாதவர்கள் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். 80, 60, ‘நல்’ ஆகிய மூன்று மதிப்பெண்களுக்குச் சராசரி கேட்டால் 140ஐ மூன்றால் வகுக்காமல் இரண்டால் வகுத்து 70 என்று விடை வரும். தேர்வு எழுதாதவரைச் சுழியமாகக் கொள்வதா, விட்டுவிடுவதா என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் நீங்கள். மென்பொருள் தன் வழக்கப்படி விட்டுவிடும். கட்டாயம் நிரப்ப வேண்டிய புலங்களுக்கு அட்டவணையை உருவாக்கும்போதே ‘நாட் நல்’ என்று கட்டுப்பாடு விதித்துவிடுவது நல்லது.

கேள்வி: இண்டெக்ஸ் போட்டால் தேடல் வேகமாகும் என்றால், எல்லாப் புலங்களுக்கும் போட்டுவிடலாமே?

பதில்: இண்டெக்ஸ் என்பது, நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவைப் போல, எந்த மதிப்பு எந்த வரிசையில் உள்ளது என்று காட்டும் துணைப் பட்டியல். பத்து லட்சம் வரிசைகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டிய வேலை, மரம்போலக் கிளைபிரியும் பி-ட்ரீ வகை இண்டெக்ஸ் இருந்தால் பெரும்பாலும் மூன்று நான்கு படிகளில் முடிந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் புதிய வரிசை சேரும்போதெல்லாம் அத்தனை இண்டெக்ஸ்களையும் புதுப்பிக்க வேண்டியிருப்பதால் எழுதும் வேகம் குறையும், வட்டில் இடமும் போகும். அடிக்கடி தேடும் புலங்களுக்கு மட்டும் போடுங்கள்.

கேள்வி: டிரான்சாக்‌ஷன் என்பதைப் பணப் பரிமாற்றத்துக்கு மட்டுந்தான் பயன்படுத்துவார்களா?

பதில்: இல்லை, பல மாற்றங்களை, நடந்தால் எல்லாம் நடக்க வேண்டும், இல்லையேல் எதுவும் நடக்கக் கூடாது என்று ஒரே கட்டாக்குவதே அது; சேர்ந்தே நடக்க வேண்டிய எந்த மாற்றங்களுக்கும் அது தேவை. நூலை இரவல் கொடுக்கும்போது இரவல் அட்டவணையில் ஒரு வரிசை சேர வேண்டும், கையிருப்புப் படிகளின் எண்ணிக்கை ஒன்று குறைய வேண்டும். முதல் வேலை முடிந்து இரண்டாவது தொடங்குமுன் மின்சாரம் போனால் கணக்கு முரண்படும். இரண்டையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் எழுதினால், ‘கமிட்’ ஆகும்வரை, அதாவது மாற்றங்களை உறுதிசெய்யும் கட்டளை நிறைவேறும்வரை, எதுவும் நிலைபெறாது. இடையில் தடைப்பட்டால், மென்பொருள் தன் பதிவேட்டைப் பார்த்து அரைகுறை மாற்றத்தை விலக்கிவிடும். டிரான்சாக்‌ஷனைத் தொடங்கிவிட்டுப் பயனர் பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கும்படி மட்டும் நிரல் எழுதாதீர்கள்; அதுவரை பூட்டப்பட்டிருக்கும் வரிசைகளுக்காக மற்றவர்களும் காத்திருக்க நேரிடும்.