ஸ்பிரிங்கர் ஃபோர்க்: முதலில் ஆட்டத்தைப் பாருங்கள், அப்புறம் குரோம்

கேள்வி: 2001-ஆம் ஆண்டு ஹார்லி டேவிட்சன் ஹெரிடேஜ் ஸ்பிரிங்கர் ஒன்றை வாங்கியிருக்கிறேன். எனக்கு முன் 2 பேர் ஓட்டிய வண்டி. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டொக்' என்கிறது. 16 அங்குல முன்சக்கரத்துக்குப் பதில் 21 அங்குல ஒல்லிச் சக்கரம், உயரமான ஹேண்டில்பார், ஃபோர்க் முழுக்க குரோம் என்று ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: அந்த 'டொக்'கிலிருந்து.

ஸ்பிரிங்கர் என்பது, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் ஸ்பிரிங்குகள் வெளியே தெரியும் வகை. ஹார்லியின் பெரிய வண்டிகளில் அது 1948 வரை வந்தது. 1949-இல், ஸ்பிரிங் குழாய்க்குள் இருக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க் அந்த இடத்தைப் பிடித்தது. 40 ஆண்டு கழித்து, 1988-இல், சாஃப்டெயில் என்ற மாடல் வரிசையில் ஸ்பிரிங்கரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். உங்கள் ஹெரிடேஜ் ஸ்பிரிங்கர் 1997-இல் வந்த மாடல், 1948 வண்டியின் சாயலில் செய்தது. பார்க்க அலங்காரம் போலத் தெரிந்தாலும், வெளியே தெரியும் அத்தனையும் வேலை செய்யும் உறுப்புதான். மற்ற வண்டிகளில் குழாய்க்குள் ஒளிந்திருக்கும் சஸ்பென்ஷன், இங்கே திறந்து கிடக்கிறது. அதனால் நீங்கள் எதை மாற்றினாலும் சஸ்பென்ஷனில்தான் கை வைக்கிறீர்கள்.

ஃபோர்க்கின் ஒவ்வொரு பக்கத்திலும் முன்னும் பின்னுமாக இரண்டு கால்கள். பின்னால் இருக்கும் கால் அசையாது, அது ஸ்டீயரிங்கோடு இறுக்கமாகப் பிடித்தது. முன்னால் இருக்கும் கால்தான் ஏறி இறங்கும். இரண்டையும் அடியில் இணைப்பது ராக்கர் என்ற குட்டைக் கை. சக்கரம் மேடேறும்போது ராக்கர் சுழன்று முன்காலை மேலே தள்ளும், கீழ் ஸ்பிரிங்குகள் அமுங்கும். திரும்பி வரும் வேகத்தை மேல் ஸ்பிரிங்குகள் தாங்கும். நடுவில் உள்ள ஒற்றை ஷாக் அப்சார்பர் குதிப்பை அடக்கும். ஆக, ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் உழைப்பது ராக்கர் மூட்டுகள். முதலில் தேய்வதும் அவைதான்.

சோதிக்க, வண்டியை ஃபிரேமுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். முன்சக்கரம் அந்தரத்தில் நிற்கட்டும். ஒருவர் அச்சுக்குப் பக்கத்தில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட, நீங்கள் ஒரு விரலை மூட்டின் மீது வையுங்கள். ஆட்டம் ராக்கரில் தட்டினால் அங்குள்ள பேரிங் அல்லது புஷ் போய்விட்டது. மேலே கழுத்தில் தட்டினால் கோன் செட், அதாவது ஸ்டீயரிங் பேரிங். இடம் வலமாக ஆட்டும்போது சக்கரம் மட்டும் அசைந்தால் சக்கர பேரிங். பிரேக் பிடித்த கணத்திலும் விட்ட கணத்திலும் மட்டும் சத்தம் வந்தால், காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) சக்கரத்தோடு சுற்றிவிடாமல் தடுக்கும் சிறு கம்பியின் இரு முனைகளையும் பாருங்கள். பலர் இதை விட்டுவிட்டு கோன் செட்டையே திரும்பத் திரும்ப முறுக்கிக்கொண்டிருப்பார்கள். அது இறுகி ஸ்டீயரிங் கட்டையாகிவிடும், சத்தம் மட்டும் போகாது.

மூட்டில் கிரீஸ் நிப்பிள் இருந்தால் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். டெஃப்லான் பூச்சுள்ள பேரிங் என்றால் கிரீஸ் வேண்டாம், மண்ணைத்தான் பிடித்து வைக்கும். தேய்ந்தால் மாற்றுவது ஒன்றே வழி. மாற்றும்போது இரண்டு பக்கமும் மாற்றுங்கள்.

சரி, 21 அங்குலச் சக்கரம். ரிம்மில் 5 அங்குல வித்தியாசம் இருந்தாலும், ஒல்லி டயரின் பக்கச்சுவர் குட்டை என்பதால் மொத்த விட்டம் ஒன்றரை முதல் 2 அங்குலம்தான் கூடும். அதுவே போதும். ஸ்டீயரிங் அச்சைத் தரைவரை நீட்டினால் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரத்தை ட்ரெயில் என்கிறோம். ரேக், அதாவது ஸ்டீயரிங் அச்சின் சாய்வு, 32 டிகிரி என்று வைத்துக் கணக்கிட்டால், பெரிய சக்கரத்தாலும் முன்பக்கம் உயர்வதாலும் சேர்ந்து ட்ரெயில் ஏறக்குறைய 20 மி.மீ. கூடுகிறது. நேர்ச்சாலையில் வண்டி அம்பாகப் போகும். ஆனால் மெதுவாகத் திருப்பும்போது ஹேண்டில்பார் ஒரு பக்கமாகச் சரிந்து விழப் பார்க்கும். 300 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியில் அது சின்ன விஷயமல்ல.

மட்கார்டையும் பாருங்கள். அசையாத காலில் பிடித்திருந்தால், சக்கரம் மேலேறும் முழுத் தூரத்துக்கும் இடைவெளி வேண்டும். நின்ற நிலையில் அழகாக ஒட்டி நிற்கும் மட்கார்டை, முதல் பள்ளத்திலேயே டயர் கடித்துவிடும். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஃபோர்க்கை முழுக்க அமுக்கிப் பார்த்த பிறகே துளை போடுங்கள். என்னைக் கேட்டால் இந்த வண்டிக்கு 16 அங்குலமே பொருத்தம். ஒல்லிச் சக்கரம்தான் வேண்டும் என்றால், அதோடு பிறந்த மாடலை வாங்கியிருக்கலாம்!

குரோம் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். முலாம் பூசும்போது உறுதிமிக்க எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். பூசிய கையோடு பல மணி நேரம் அடுப்பில் சூடாக்கி அதை வெளியேற்ற வேண்டும். ஸ்பிரிங், போல்ட் இரண்டுக்கும் இது மிக முக்கியம். 'சூடாக்குவீர்களா?' என்று கேளுங்கள், முழிக்கிறவரிடம் கொடுக்காதீர்கள். பவுடர் கோட்டிங் என்றால் பேரிங் உட்காரும் துளைகளை மூடிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். கால்களில் வெல்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஹேண்டில்பார் எளிய வேலை. கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ், வயர் மூன்றையும் நீளமானதாக மாற்றி, இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை திருப்பி, எதுவும் இழுபடாமலும் ஸ்பிரிங்குகளுக்கு இடையே சிக்காமலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் முழுவதையும் முன்பக்கத்துக்கே ஒதுக்கிவிடாதீர்கள். 2001 என்றால் உங்களுடையது ட்வின் கேம் 88பி எஞ்சின். அதன் கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஷூக்கள் தேய்வது எல்லோரும் அறிந்த குறை. துகள் ஆயில் பம்புக்குள் போனால் செலவு எங்கேயோ போய்விடும். முன்பு ஓட்டியவர்கள் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், 21 அங்குலச் சக்கரத்துக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் கேம் மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.